மணலுக்கு எதிர்ப்பக்கம்

ஒன்றாம் வகுப்பு எடுப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். பெரிய வகுப்பு வாத்தியார்கள்தான் அப்படிச் சொல்வார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு, அம்மாவிடம் போகணும் என்று அழுதுகொண்டிருக்கும் ஒரு கூட்டத்தைத் தரையில் உட்காரவைத்து, இந்தக் கோடும் அந்தக் கோடும் சேர்ந்தால் 'ட' என்று நம்பவைப்பது லேசான காரியமா? அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? அந்த வேலையைத்தான் நான் ஓய்வு பெறும்வரை செய்தேன். அதில் ஒரு வாரத்தை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். தாம்பரத்தில் பஸ் ஏறி, சேரப்பணஞ்சேரியில் இறங்கி, ஏரிக்கரையோடு உள்ளே நடந்தால் பள்ளிக்கூடம் வரும். ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம். அதில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் எச்.எம்., இன்னொருத்தி நான். கூடத்தின் ஒரு கோடியில் சமையல் கொட்டகைக்குப் போகிற கதவு. அந்தக் கதவை ஒட்டிய சுவரில் ஒன்றாம் வகுப்புக் கரும்பலகை.

சிலேட்டெல்லாம் பொங்கலுக்கு அப்புறம்தான். அதுவரை மணல். ஓடையிலிருந்து அள்ளி வந்து சலித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு குவியல் கொட்டிவிடுவோம். உள்ளங்கையால் தடவிச் சமன் செய்வது, விரலால் எழுதுவது, அழிப்பது, மறுபடி எழுதுவது. எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுத வேண்டும். காலையில் பத்து மணிக்கு அந்தக் கூடத்துக்குள் நுழைகிற எவருக்கும் தலைவலி நிச்சயம்.

கரும்பலகைக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, சமையல்கார அக்கா உட்கார்ந்திருப்பாள். மடியில் முறம். அரிசியில் கல் பொறுக்க அந்த இடத்தில்தான் வெளிச்சம் நன்றாக விழும். அடுப்பையும் கதவு வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், அவள் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அதுதான் அவள் இடம். முன்பெல்லாம் அதே முறத்தில் மக்காச்சோள ரவையைப் புடைத்து, மதியத்துக்கு உப்புமா கிண்டிப் போட்டதால் பிள்ளைகளுக்கு அவள் உப்புமாக்கா. பிறகு சத்துணவு வந்து சோறும் சாம்பாரும் ஆனது. பெயர் மட்டும் மாறவில்லை. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

சத்துணவு வந்ததில் அவளுக்கு ஒரு தலைவலியும் சேர்ந்து வந்தது. அதுவரை யார் சமைத்தாலும் கேட்பாரில்லை. இப்போது அது அரசாங்கச் சம்பள வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்.எம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து திரும்பி வந்து சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை ஆபீசர் நேர்ல வர்றாராம். கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்கதான் வேலையில இருக்கலாமாம். கைநாட்டு கூடாதாம்." அப்படி நிஜமாகவே ஒரு விதி இருந்ததா, நடுவில் யாராவது ஒரு குமாஸ்தா தானே போட்டுக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுச் சொந்தத்தில் எட்டாவது படித்த ஒரு பெண் அந்த வேலைக்குக் கேட்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை எச்.எம். ஒரு வாரப் பயிற்சி என்று காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார். ஐந்து வகுப்பும் என் தலையில். நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு திசைகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் கை நீட்டியது. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வந்து பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், எம் பேர மட்டும் எழுதக் கத்துக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"அக்கா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? எனக்கே மூச்சு விட நேரமில்ல. இத்தன வருஷமா இங்கயே உக்காந்திருக்கீங்க, அப்பவே கத்துக்கிட்டிருக்கலாம் இல்ல?"

"அப்ப யாரு டீச்சர் கேட்டாங்க?"

நான் மூன்றாம் வகுப்புப் பக்கம் திரும்பினேன். அவள் போகாமல் நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவரு குவாரில கால்ல கல்லு வுயுந்து வூட்டோட கெடக்குறாரு. இந்த வேலையும் பூடிச்சின்னா செங்கல் சூளைக்குத்தான் போவணும். சூளைக்குப் போனா அங்கியே குடிசை போட்டுக்கினு தங்கணும் டீச்சர். இதையும் இட்டுக்கினுதான் போவணும்."

'இது' என்று அவள் காட்டியது ஒன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து மணலைத் தடவிக்கொண்டிருந்த தன் மகளை. சூளைக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவில் பெயர் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு அடித்துவிடுவோம். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வாருங்கள் என்றேன்.

பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடிய பிறகு, நான் அவளை மணலுக்கு முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "எழுத்துங்க தெரியும் டீச்சர். பேரா கோக்கத்தான் தெரில."

"என்ன எழுத்து தெரியும்? எழுதிக் காட்டுங்க."

நெஞ்சில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். மணலைத் தடவினாள். வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து, விறுவிறுவென்று இடது பக்கமாக எதையோ எழுதினாள். நான் குனிந்து பார்த்தேன். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கடவுளே, இந்த வாரம் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மகள் ஓடிவந்து மணலுக்கு அந்தப் பக்கம் குந்தினாள். அம்மா எழுதியதைப் பார்த்தாள். "படம்!" என்று கத்தினாள். அந்த வாரம் ஒன்றாம் வகுப்புக்கு அந்தச் சொல்தான் பாடம்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து போய் அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'படம்' என்றுதான் எழுதியிருந்தது. அச்சடித்த மாதிரி எழுத்து. நான் பயிற்சிப் பள்ளியில் வாங்கிய திட்டெல்லாம் என் கையெழுத்துக்குத்தான். இந்த அம்மாள் எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. 'ம்'முக்குப் புள்ளிகூட வைத்திருந்தாள். ஆனால் எல்லாமே தலைகீழ். எதிரில் இருந்து பார்த்தால்தான் எழுத்து.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பலகை எப்போதும் அவள் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால். அவள் வருஷக்கணக்காகப் பார்த்ததெல்லாம் எதிரில் உட்கார்ந்த பிள்ளைகள் மணலில் எழுதியதை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, இவள் கல் பொறுக்கிக்கொண்டே பாடத்தையும் பொறுக்கியிருக்கிறாள். ஒரு முறை ஒரு பையனிடம், "டேய், காலு போடலியே" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறாள் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

"அக்கா, பஸ்ஸு போர்டு, கடை போர்டெல்லாம் பாத்திருப்பீங்களே. அதுல இருக்கறதும் இதே எழுத்துதானே?"

"அதுவா இது?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அது வேற எழுத்து, இது இஸ்கூல் எழுத்துன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்காவிட்டாலும் அவள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள், அவளே சிரித்துவிட்டாள்.

எழுத்து தெரிந்த ஆளைத் திருத்துவது எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று எனக்கு அன்றைக்கு ஏகப்பட்ட தைரியம். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பக்கமாக உட்காரவைத்து, பலகையைப் பார்த்து 'ப' எழுதச் சொன்னேன்.

"டீச்சர், 'ப'ன்னா கவுத்து வெச்ச சட்டிதானே?"

"இல்லக்கா. நிமித்தி வெச்ச சட்டி. மேல திறந்திருக்கணும்."

"நானு இத்தினி நாளா கவுத்தில்ல வெச்சிக்கினு கீறேன்," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். நிமிர்ந்த சட்டி ஒன்று எழுதினாள். சரி, இன்னொன்று எழுதுங்கள் என்றால், அது கவிழ்ந்திருந்தது. விரலைப் பிடித்து நான் எழுதவைத்தால் சரியாக வரும். விரலை விட்டதும் கை அதன் வழக்கத்துக்கே போய்விடும். "தல சுத்துது டீச்சர்," என்பாள். பாவனை இல்லை, உண்மையிலேயே தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

புதன்கிழமை சிலேட்டு கொடுத்துப் பார்த்தேன். பெயரை எழுதிக் கொடுத்து அதன் மேலேயே ஓட்டச் சொன்னேன். நாலே நாலு எழுத்து, அதில் ஒன்றுக்குக் கொம்பு. ஓட்டினாள். தனியாக எழுதச் சொன்னால் முதல் இரண்டு எழுத்து நிமிர்ந்தும் அடுத்த இரண்டும் கவிழ்ந்தும் வந்தன. இந்த அமர்க்களத்தில் நாலாம் வகுப்பின் வகுத்தல் அப்படியே நின்றது. மூன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சண்டை போட்டு ஒருத்தன் சட்டை கிழிந்தது. "ஒரு கொம்பு போட இவ்வளவு நேரமாக்கா?" என்று நான் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை நிலைமை மோசமானது. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டாள். பிள்ளைகள் ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தார்கள். மத்தியானம், உங்கள் பழைய மாதிரியே 'படம்' எழுதுங்கள் பார்க்கலாம் என்றேன். மணலைத் தடவிவிட்டு, விரலை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்பதே போய்விட்டது. இருந்ததையும் பிடுங்கிவிட்டேனே என்று அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து மனசார நொந்துகொண்டேன். இறங்க வேண்டிய இடத்துக்குள் கொஞ்சம் புத்தியும் வந்தது. அவளைத் திருப்ப முடியாவிட்டால் காகிதத்தைத் திருப்பலாமே! நாலு நாள் இது தோன்றாமல் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன்?

வெள்ளிக்கிழமை காலையில் அவளை மறுபடி சுவரோரமாக, பலகைக்குக் கீழே, அவள் இடத்திலேயே உட்காரவைத்தேன். ஒன்றாம் வகுப்பை எதிரில் உட்காரவைத்து, காலை முழுக்க எழுதி எழுதி அழிக்கச் சொன்னேன். "முறத்த வெச்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருங்க, போதும்." மத்தியானத்துக்குள் அவள் எழுத்து அவளுக்குத் திரும்பிவிட்டது. பெயரையும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தே எழுதிக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் பேனாவையும் அச்சடித்த காகிதம் ஒன்றையும் கொடுத்தேன்.

"இதோ பாருங்கக்கா. எந்தப் பக்கமா வெச்சா எழுத்து உங்க இஸ்கூல் எழுத்தா தெரியுதோ, அந்தப் பக்கமா வெச்சுக்கிட்டு கையெழுத்துப் போடுங்க. பஸ்ஸு போர்டு மாதிரி தெரிஞ்சா திருப்பிக்கங்க. அவ்வளவுதான்."

"ஆபீசரு குடுத்த பேப்பர அவரு எதுர்லயே திருப்பினா கோச்சிக்க மாட்டாரா?"

"கோவிச்சுக்கிட்டா என்ன இப்போ?"

"உங்களுக்கு இன்னா, நீங்க டீச்சரு," என்றாள். அதுவும் சரிதான். திருப்புவதை யாராவது கவனித்து, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. தலைகீழாக எழுதுகிறாள், இவளுக்கு எழுதவே தெரியாது என்று அங்கேயே முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமையும் எங்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஜீப்பில் ஆபீசர் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரே நாளில் ஏழெட்டு பள்ளிக்கூடம் பார்த்துவிடும் அவசரத்தில் இருந்தார். எச்.எம். மேஜையில் உட்கார்ந்து பையிலிருந்து காகிதங்களையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். எட்டாவது படித்த பெண் முதலில் போய், அவர் திருப்பி வைத்த காகிதத்தில் சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவளுக்கும் என்ன கஷ்டமோ.

அடுத்தது அக்கா. அவளைப் பற்றி ஆபீசரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. தலையை நிமிர்த்தாமலே மைப்பெட்டியைத் திறந்தார்.

"வாம்மா. விரல நீட்டு."

விரலை வைத்துவிட்டால் தெரியாது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் யாரும் பேச முடியாது. நான் கரும்பலகைப் பக்கம் ஒன்றாம் வகுப்போடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் இருந்த சாக்கட்டியை இரண்டாக உடைத்தேன்.

"கையெய்த்து போடுறேன் சார்," என்றாள் அக்கா.

ஆபீசர் பேனாவைக் கொடுத்தார். காகிதத்தைத் திருப்பவில்லை. கைநாட்டு வாங்குகிறவர்கள் காகிதத்தைத் தங்களுக்கு நேராகத்தான் வைத்துக்கொள்வார்கள். எதிரில் இருப்பவர் படிக்கப் போவதில்லை, விரலைப் பிடித்து அழுத்துவதும் அவர்கள்தானே. அந்தப் பழக்கத்தில், காகிதம் அவருக்கு நேராகவே கிடந்தது. இடத்தைக் காட்ட விரலையும் அவர் பக்கமிருந்தே வைத்தார்.

அக்காவின் இடது கை காகிதத்தின் ஓரத்துக்குப் போனது. ஐயோ திருப்பாதே, திருப்பாதே என்று எனக்குள் அலறினேன். முந்தின நாள் மத்தியானம் திருப்பச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அவள் குனிந்து காகிதத்தை உற்றுப் பார்த்தாள், அது ஏற்கெனவே அவளுடைய இஸ்கூல் எழுத்தாகத்தான் கிடந்தது. கையை எடுத்துவிட்டாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எழுத ஆரம்பித்தாள்.

ஆபீசர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணுக்கு எதிரில், அவருக்கு இடது பக்கமிருந்து வலது பக்கமாக, நாலு எழுத்தும் கொம்போடு, வரிசையாக வந்து நின்றன. பேனாவை அவள் அழுத்திய அழுத்தில் அடியில் இருந்த காகிதத்திலும் தடம் விழுந்திருக்கும். அவர் காகிதத்தைத் தூக்கி அவள் பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். மைப்பெட்டியை மூடினார்.

"பரவாயில்லையே! எனக்கு நேராவே எழுதிட்டீங்களே," என்றார். இரண்டாவது காகிதத்தை எடுத்தார். "இதுலயும் ஒண்ணு போட்டுடுங்கம்மா." இந்த முறை, அவள் வசதிக்காக, காகிதத்தை அழகாகத் திருப்பி அவளுக்கு நேராக வைத்தார்.

ஒன்றாம் வகுப்புகூட வாயை மூடிக்கொண்டிருந்தது. அக்கா காகிதத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் காகிதத்தைப் பிடித்து, மெதுவாக, அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"உங்களுக்கு நேராவே இருக்கட்டும் சார்."

ஆபீசர் சிரித்துவிட்டார். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "இத்தன வருஷம் சமைச்ச ஆளு, கையெழுத்தும் போடுறாங்க. அப்புறம் எதுக்கு வேற ஆளு?" என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு, காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெஞ்சில் இருந்த பெண்ணும் எழுந்து போய்விட்டாள்.

ஜீப் சத்தம் ஏரிக்கரையைத் தாண்டிய பிறகு நான் சமையல் கொட்டகைக்குள் போனேன். சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அவள் அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது, அவள் அரிசியைப் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"என்னக்கா, எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே."

"இல்ல டீச்சர்," என்றாள். "மொத பேப்பரு நேரா இருந்திச்சி. ரெண்டாவத மட்டும் அவரு ஏன் அப்டி திருப்பி வெச்சாரு?"

"அது மரியாதைக்கா. கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களுக்கு அப்படித்தான் திருப்பி வெச்சுக் குடுப்பாங்க."

அவள் முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"மரியாதையா டீச்சர்? நானு எதுனா தப்பு பண்ணிட்டனோன்னு பயந்தே பூட்டேன்," என்று சொல்லிவிட்டு, உலையில் அரிசியைப் போட எழுந்தாள்.